பல் போனால் எலும்பும் கரையும்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கட்டுப்பல் போட்டவர்களோடு கதைத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒரே குறையைத்தான் கேட்பீர்கள். "கட்டினபோது நல்லாத்தான் இருந்தது, இப்ப கதைக்கேக்க கழண்டு வருகுது." கீழ்ச் செட் என்றால் குறை இன்னும் அதிகம். சாப்பிடும்போது கழற்றி வைத்துவிட்டு, கோயிலுக்கோ கலியாண வீட்டுக்கோ போகும்போது மட்டும் மாட்டிக்கொள்கிற பெரியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கட்டினவர் சரியாகக் கட்டவில்லை, இல்லாவிட்டால் மலிவான சாமான் என்றுதான் வீட்டில் முடிவெடுப்பார்கள். சில நேரம் அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் நெடுநாள் செட் போட்ட வாய்களில் செட் அப்படியேதான் இருக்கிறது. அது உட்கார்ந்திருந்த தாடைதான் மாறிவிட்டது.

பல்லைப் பிடுங்குவதை நாங்கள் ஒரு தொல்லையின் முடிவாகப் பார்க்கிறோம். வலி போச்சு, சரி. தாடையைப் பொறுத்தவரை அன்றுதான் ஒரு நீண்ட மாற்றம் தொடங்குகிறது. அதில் பெரும் பங்கு முதல் சில மாதங்களிலேயே நடந்துவிடும், மிச்சம் ஆயுள் முழுக்க மெதுவாகத் தொடரும். பிடுங்குவதற்கு முன்னரே இது தெரிந்திருந்தால் செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு. பத்து வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டால் அவற்றில் பலவற்றுக்கு வழியில்லாமல் போயிருக்கும்.

தாடையெலும்பு முழுவதும் ஒரே தன்மை உள்ளது அல்ல. அடியில் இருக்கும் பகுதி உடம்பின் மற்ற எலும்புகளைப் போல நிலையாக இருப்பது. அதன்மேல் பற்களைச் சுற்றி மேடாக எழும்பி நிற்கும் பகுதி, அதாவது பல்வரம்பு, பற்களுக்காகவே உண்டானது. பல் முளைக்க முளைக்க அதுவும் கூடவே வளர்கிறது. பிறவியிலேயே பல் இல்லாத பிள்ளைகளுக்கு இந்த வரம்பு சரியாக உருவாவதில்லை. பல்லின் வேர் எலும்போடு நேராக ஒட்டியிருப்பதும் இல்லை. நடுவில் கால் மில்லிமீற்றர் அளவுக்கு மெல்லிய நார்ப்படை ஒன்று இருக்கிறது. நாங்கள் கடிக்கும் ஒவ்வொரு கடியின் அழுத்தமும் அந்த நார்கள் வழியாகத்தான் எலும்புக்குப் போகிறது. குழியின் உட்சுவரில் அந்த நார்கள் வந்து பதிகிற எலும்புப் படைக்கு நாரும் பல்லும் இருக்கும்வரைதான் வாழ்வு. பல்லைப் பிடுங்கும்போது நார்ப்படையும் அறுந்து போகிறது. அப்புறம் அந்த எலும்பை வைத்திருக்க உடம்புக்குக் காரணம் இல்லை. விதைப்பு நின்றுபோன வயலின் வரம்பை இடம்பெயர்ந்து திரும்பி வந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். யாரும் வெட்டி எடுக்கவில்லை, ஆனால் நாலைந்து மாரி அடித்த பிறகு வரம்பு இருந்த இடமே தெரியாது.

முதலில் காயம் எப்படி ஆறுகிறது என்று பார்ப்போம். பல் வெளியே வந்ததும் குழி இரத்தத்தால் நிறைகிறது. அரை மணித்தியாலம் பஞ்சைக் கடித்துக்கொண்டு இருக்கச் சொல்வது அந்த இரத்தம் உறைந்து கட்டியாவதற்காக. பார்க்க அருவருப்பாகத் தெரிகிற அந்த இரத்தக்கட்டிதான் குழியின் முதல் மருந்து. அதற்குள் புதிய இரத்தக் குழாய்கள் புகுந்து, ஒரு கிழமைக்குள் சிவந்த மெல்லிய சதை உருவாகும். முரசு ஓரங்களிலிருந்து தோல் படர்ந்து, நாலு முதல் ஆறு கிழமைக்குள் குழியின் வாய் மூடிவிடும். கொடுப்புப் பல் பிடுங்கின பெரிய குழி என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக எடுக்கும். அடியில், இரண்டாம் மூன்றாம் கிழமையிலிருந்து இளம் எலும்பு நெய்யப்படத் தொடங்குகிறது. இரண்டு மூன்று மாதத்தில் குழியின் பெரும்பகுதி அந்த இளம் எலும்பால் நிறைந்துவிடும். அது முதிர்ந்து உறுதிப்பட ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும்.

இந்த வேலைகளுக்கெல்லாம் அடிப்படை அந்த இரத்தக்கட்டி. அது கரைந்தோ கழன்றோ போனால் குழிக்குள் எலும்பு வெறுமையாக நிற்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் காதுவரை இழுக்கிற ஒரு வலி வரும், பனடோலுக்கு அடங்காது, வாயும் நாறும். சாதாரணமாகப் பல் பிடுங்கும் 100 பேரில் 2 முதல் 5 பேருக்கு இப்படி ஆகலாம். கீழ் ஞானப்பல் என்றால் வாய்ப்பு இன்னும் அதிகம். புகைப்பவர்களுக்கு இது கூடுதலாக வருவது நன்றாக அறியப்பட்ட விஷயம். சுருட்டோ பீடியோ சிகரெட்டோ, முதல் மூன்று நாளாவது வேண்டாம். வெற்றிலைத் தட்டமும் அப்படித்தான். சுண்ணாம்பும் புகையிலையும் சேர்ந்த சாற்றைக் கொடுப்புக்குள் அடக்கி வைத்திருந்து, பிறகு பலமாக உறிஞ்சித் துப்புகிறபோது புதிய காயத்துக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் நாள் வாயை அலசவே வேண்டாம். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் விட்டு, தலையைச் சரித்து மெல்ல வழிய விட்டால் போதும். அப்படியும் வலி பிடித்தால் திரும்ப அதே கிளினிக்குக்குப் போங்கள். குழியைக் கழுவி மருந்து வைத்துவிட்டால் வலி தணியும். வீட்டில் கிடக்கும் பழைய அன்ரிபயோட்டிக் மாத்திரை இதற்கு உதவாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மூன்று நாலு கிழமை கடந்தும் குழி சுருங்கி ஆறி வராமல், சதை வளர்ந்தோ ஓரம் தடித்தோ இரத்தம் கசிந்தோ இருந்தால், கட்டாயம் காட்ட வேண்டும். இலங்கையில் ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். பாக்கும் புகையிலையும் அதன் முக்கிய காரணங்கள். ஆடுகிற பல்லைப் பிடுங்கிய பிறகும் ஆறாத புண், பல்லால் வந்ததாக இல்லாமல் இருக்கலாம். மற்றபடி, சில கிழமை கழித்து முரசைக் குத்திக்கொண்டு சிறு எலும்புத் துணுக்கு ஒன்று வெளியே வந்தால் அவ்வளவு பயப்பட வேண்டாம். வேரை உள்ளே விட்டுவிட்டார்கள் என்று பலர் கோபப்படுவார்கள். பெரும்பாலும் அது குழியின் ஓரத்தில் உயிரிழந்த எலும்பு.

சரி, குழி எலும்பால் நிறைகிறது என்றால் வரம்பு ஏன் குறைகிறது? இங்கேதான் பலரும் குழம்புவார்கள். குழிக்குள்ளே எலும்பு கூடும் அதே காலத்தில், வெளியே சுவர்கள் கரைகின்றன. அதிலும் உதடும் கன்னமும் இருக்கும் பக்கத்துச் சுவர்தான் முதலில் போகும். காரணம் அதன் மெல்லிய தன்மை. மேல் முன்பற்களில் அந்த வெளிச்சுவர் பெரும்பாலானோருக்கு ஒரு மில்லிமீற்றரைக்கூட எட்டாது. அவ்வளவு மெல்லிய சுவரில் பெரும்பங்கு, முன்பு சொன்ன நார் பதியும் படைதான். பல் போனதும் அந்தப் படை போக, சுவரில் மிஞ்ச ஒன்றும் இல்லை. நாக்கு, அண்ணப் பக்கத்துச் சுவர் தடிப்பானது என்பதால் தாக்குப்பிடிக்கும். அரவுஜோ, லிண்டே என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005 இல் நாய்களில் செய்த ஆய்வில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். எட்டாவது கிழமையில் வெளிச்சுவர் உட்சுவரைவிடச் சுமார் 2 மில்லிமீற்றர் தாழ்ந்து போயிருந்தது.

மனிதரில் எவ்வளவு? டென்மார்க்கைச் சேர்ந்த ஷ்ரொப் குழுவினர் 2003 இல் வெளியிட்ட ஆய்வில், கொடுப்புப் பற்களும் அவற்றுக்கு முன்னால் உள்ள சிறு கொடுப்புப் பற்களும் பிடுங்கிய 46 பேரை ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். வரம்பின் அகலத்தில் ஏறக்குறையப் பாதி போய்விட்டிருந்தது. அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்துக்குள் நடந்தது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2012 இல் வந்த இன்னொரு கணிப்பு, ஆறு மாதத்தில் அகலம் 29 முதல் 63 வீதமும், உயரம் 11 முதல் 22 வீதமும் குறைவதாகச் சொல்கிறது. உயரத்தைவிட அகலம்தான் வேகமாகப் போகிறது என்பதைக் கவனியுங்கள். கண்ணாடியில் பார்த்தால் முரசு மூடி, இளஞ்சிவப்பாக, நல்லாத்தான் தெரியும். "முரசு இறுகட்டும், பிறகு பார்ப்பம்" என்று எங்கள் ஊர்களில் சொல்வது இந்த வெளித்தோற்றத்தை வைத்துத்தான். முரசு இறுகிவிட்டதாகத் தெரிகிற அந்த மாதங்களில்தான் அடியில் எலும்பு வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது.

முரசுக்கும் மாற்றம் இல்லாமல் இல்லை. இரண்டு பல்லுக்கு நடுவில் கூராக எழும்பி நிற்கும் முரசு, பக்கத்துப் பல்லின் எலும்பில் தங்கி நிற்பது. பல் போனால் அந்தக் கூர் தட்டையாகிவிடும். பல்லைச் சுற்றியிருக்கும் உறுதியான, அசையாத முரசின் அகலமும் குறையும். எலும்பு தாழத் தாழ, கன்னத்தையும் உதட்டையும் நாக்கையும் இழுக்கிற தசைகள் வரம்பின் உச்சிக்குக் கிட்ட வந்துவிடும். அதனால்தான் கதைக்கும்போது கீழ்ச் செட் துள்ளுகிறது, தசை அசைகிறபோதெல்லாம் அதைத் தூக்கிவிடுகிறது. சிலருக்கு எலும்பு போன இடத்தில் முரசு மட்டும் தளர்ந்து, விரலால் அமர்த்தினால் ஆடுகிற நிலைக்கு வரும். மேலே முழுச் செட்டும் கீழே சொந்த முன்பற்கள் மட்டும் மிஞ்சியிருப்பவர்களின் மேல்வாய் முன்பக்கத்தில் இது அடிக்கடி நடக்கிறது. கீழ்ப்பற்கள் ஒரே இடத்தில் இடித்துக்கொண்டே இருப்பதுதான் காரணம்.

நெடுங்காலக் கணக்குக்கு இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுவது 1972 இல் தல்கிரென் வெளியிட்ட ஆய்வு. முழுச் செட் போட்டவர்களை 25 வருஷம்வரை தொடர்ந்து எக்ஸ்றே எடுத்துப் பார்த்தவர் அவர். முதல் வருஷத்தில்தான் அதிகம் கரைந்தது. பிறகு வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. கீழ்த்தாடையின் முன்பகுதி மேல்த்தாடையைவிட ஏறக்குறைய நாலு மடங்கு உயரத்தை இழந்தது. மேல் செட்டுக்கு அண்ணம் முழுவதும் தாங்கலாக இருக்கிறது. கீழே ஒரு லாட வடிவ வரம்பு மட்டும்தான், அத்தனை கடியையும் அந்தச் சிறு பரப்பே ஏற்க வேண்டும். ஊரில் எல்லோரும் கீழ்ச் செட்டையே குறைசொல்வதற்குக் காரணம் கட்டினவரின் கை மட்டும் அல்ல என்பது இதிலிருந்து தெரியும்.

கரையும் திசையும் இரண்டு தாடையிலும் வேறுவேறு. மேல்த்தாடை உள்நோக்கிச் சுருங்குகிறது, கீழ்த்தாடை தாழத் தாழ அகன்றதுபோல் ஆகிறது. உதட்டுக்குத் தாங்கல் இல்லாமல் அது உள்ளே மடியும், நாடி முன்னால் தள்ளி மூக்கைத் தொடப்போவதுபோல் தெரியும். பொக்கை வாய் முகத்தை வயசின் அடையாளமாக எண்ணிப் பழகிவிட்டோம். அதில் பெரும்பங்கு பல்வரம்பு போனதால் வந்தது. ஐம்பது வயதில் பல்லெல்லாம் இழந்தவருக்கும் அந்த முகம் வந்துவிடும். எலும்பு மிகவும் தாழ்ந்தவர்களுக்குக் கீழ்த்தாடையின் பக்கவாட்டில் நரம்பு வெளியே வரும் துளை, வரம்பின் உச்சிக்கே வந்துவிடுவதும் உண்டு. செட் அதன்மேல் அமரும்போது மின்சாரம் அடித்ததுபோல் வலிக்கும், கீழுதடு விறைக்கும். அப்படி வலிக்கிறது என்று சொல்கிற ஆச்சியை "செட் பழகேல்லை, கொஞ்சம் பொறணை" என்று அடக்கிவிடாதீர்கள். செட்டில் அந்த இடத்தைக் குடைந்துவிட்டால் தீரக்கூடிய வலி அது.

ஒரு பல்தான் போனது, மிச்சம் இருக்கிறது என்றாலும் வாய் சும்மா இருக்காது. பின்னால் உள்ள பல் முன்னோக்கிச் சரியும், எதிரே கடிக்க ஆள் இல்லாத பல் வெளியே இறங்கும் அல்லது ஏறும். சில வருஷம் கழித்து அந்த இடத்துக்குப் பல் கட்டப் போனால், இடம் சுருங்கிப் போயிருக்கும்.

இனி வன்னியின் நிலைமையைக் கொஞ்சம் பேச வேண்டும். இங்கே பிடுங்குவது பழகிப்போனதற்கு மக்களின் அறியாமையைக் காரணம் சொல்வது நியாயம் இல்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடை, திரும்பத் திரும்ப இடம்பெயர்வு, 2009 க்குப் பிறகு முகாம் வாழ்க்கை என்று போன காலத்தில், சூத்தைப் பல்லை அடைக்கக் கிளினிக் தேடுவது யாருக்கும் முதல் வேலையாக இருந்திருக்க முடியாது. வலி தாங்க முடியாமல் போகும்போது பல் காப்பாற்றும் நிலையைக் கடந்திருக்கும். இன்றும் துணுக்காயிலோ ஒட்டுசுட்டானுக்கு உள்ளேயோ இருக்கும் ஒரு குடும்பத்துக்கு, வேர்ச் சிகிச்சை என்றால் நாலைந்து தடவை பஸ் ஏற வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகும். பிடுங்குவது அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம், ஒரே நாளில் முடியும். கட்டுப்பல்லுக்கு அநேகமாகக் கைக்காசு வேண்டும், அது காலபோக வெள்ளாமை முடியட்டும் என்று தள்ளிப்போகும். இந்தக் கணக்கு எனக்கும் விளங்குகிறது. ஆனால் அந்தக் கணக்கில் எலும்பின் விலையை யாரும் சேர்ப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம். (ஷெல் பட்டுப் பல்லோடு எலும்பையும் இழந்தவர்களின் நிலை வேறு. அது தானாகக் கரைந்தது அல்ல, அவர்களை வாய், முகத் தாடைச் சத்திரசிகிச்சை நிபுணர் பார்க்க வேண்டும்.)

அப்படியென்றால் பிடுங்குவதற்கு முன் என்ன கேட்கலாம்? இந்தப் பல்லை அடைத்தோ வேர்ச் சிகிச்சை செய்தோ வைத்திருக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். பல்லின் மேல்பகுதி உடைந்து போனாலும் வேர் உறுதியாக இருந்தால், அந்த வேரை விட்டுவைப்பதே எலும்பைக் காக்கும். குறிப்பாகக் கீழ் வேட்டைப்பல் இரண்டையும் அவசரப்பட்டு இழக்க வேண்டாம். வேர்ச் சிகிச்சை செய்து, முரசு மட்டத்துக்குக் குறைத்து, அதன்மேல் செட் உட்காரும்படி செய்யலாம். குரம், ரூனி என்ற இருவர் 1978 இல் வெளியிட்ட ஐந்து வருஷ ஆய்வில், அப்படி வேட்டைப்பல் வேர்கள் இருந்தவர்களின் கீழ்த்தாடை முன்பகுதி 0.6 மில்லிமீற்றர்தான் குறைந்தது. எல்லாப் பல்லையும் இழந்தவர்களுக்கு 5.2 மில்லிமீற்றர். "ரெண்டு பல்லை வைச்சு என்ன செய்யிறது, எல்லாத்தையும் கழட்டி முழுச் செட்டாக் கட்டுவம்" என்று கேட்கப் போகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பிடுங்கியே ஆக வேண்டும் என்றால், சுவரை உடைக்காமல் மெல்லப் பிடுங்குவது டொக்டரின் கையில் இருக்கிறது. பிடுங்கிய குழிக்குள் எலும்புத் துகளை நிரப்பி மூடுகிற முறையும் உண்டு. கரைவதை அது குறைக்கும், முற்றாக நிறுத்தாது. அந்தத் துகள் பெரும்பாலும் மாட்டெலும்பிலிருந்து பதப்படுத்தி எடுத்தது. அது வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே சொன்னால் செயற்கைத் துகள் கேட்கலாம். இம்பிளான்ட் எனப்படும் திருகை எலும்பில் பதிக்கப் போதிய அகலம் வேண்டும், ஆகவே அந்த எண்ணம் இருப்பவர்கள் வருஷக்கணக்காகக் காத்திருக்கக் கூடாது. வன்னியில் பெரும்பாலான குடும்பங்களுக்கு அது எட்டாத விலை என்பதால் இதில் அதிகம் நிற்கவில்லை. சீனி வருத்தம் உள்ளவர்கள் அதைக் கட்டுப்பாட்டில் கொண்டுவந்து போவது நல்லது. எலும்புத் தேய்வுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் பிடுங்கும் முன்பே கட்டாயம் சொல்ல வேண்டும், அவற்றில் சில மருந்துகளால் தாடையெலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. இரத்தம் உறையாமல் இருக்கக் குடிக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

செட் ஏற்கெனவே போட்டிருப்பவர்களுக்கு: ஒரே செட் ஆயுள் முழுக்கப் பொருந்தாது. பிடுங்கிய உடனே கட்டிய செட் என்றால் முதல் வருஷத்துக்குள்ளேயே தளரும், அது எதிர்பார்க்க வேண்டியது. புதிதாகக் கட்டத் தேவையில்லாமல், உட்பக்கத்தில் புதுப் படை ஊற்றி இப்போதைய முரசுக்குப் பொருத்தித் தருவார்கள். தளர்ந்த செட்டை இறுக்கக் கடையில் விற்கும் பசையையோ, வீட்டில் துணியையோ வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட்டினால், ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து மிச்ச எலும்பும் வேகமாகப் போகும். இரவில் கழற்றி, கழுவி, தண்ணீருக்குள் போட்டு வையுங்கள். முரசுக்கும் ஓய்வு வேண்டும், இல்லாவிட்டால் செட்டுக்கு அடியில் பூஞ்சை பிடித்து முரசு சிவந்துவிடும்.

கடைசியாகப் பிள்ளைகள். ஆறு வயதளவில், பாற்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு பெரிய கொடுப்புப் பல் முளைக்கும். விழுந்து முளைக்காததால் அதையும் பாற்பல் என்று நினைத்து, சூத்தை பிடித்தாலும் "விழுகிற பல்தானே" என்று விட்டுவிடுகிறோம். அது நிரந்தரப் பல். அதைப் பதினைந்து வயதில் இழக்கிற பிள்ளைக்கு, எழுபது வயதுவரை வாழ்ந்தால், அந்த இடத்து எலும்பு 55 வருஷம் கரையும். பாடசாலைப் பல் கிளினிக்கில் இந்தப் பல்லை இலவசமாக அடைக்கிறார்கள். உங்கள் பிள்ளையின் வாயைத் திறந்து, கடைசியில் இருக்கும் அந்தப் பல்லில் கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று இந்தக் கிழமையே பாருங்கள்.